அண்டாவுக்கும் தட்டுக்கும் நடுவே: பசியைத் தீர்க்க இறங்கும் இளைஞர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முகூர்த்த நாளில் இரவு ஒன்பதரை மணிக்கு ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். கடைசிப் பந்தி எழுந்திருக்கும். பாத்திரம் கழுவும் அக்காக்கள் குழாயடியில் உட்கார்ந்திருப்பார்கள். சமையல் மாஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டியிருப்பார். அவருக்குப் பக்கத்தில் மூடி போட்ட அண்டாவில் இன்னும் எண்பது பேருக்குச் சோறு இருக்கும். அங்கிருந்து அரைக் கிலோமீட்டரில் பேருந்து நிலையம். அங்கே ஒருவர் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுத் துண்டை விரித்துப் படுத்திருப்பார். அண்டாவில் இருப்பது இன்னும் ஒரு மணி நேரத்தில் குப்பைக் குழிக்குப் போய்விடும்.

2024இல் உலகம் முழுக்கச் சுமார் 67 கோடியே 30 லட்சம் பேர் பட்டினியில் இருந்தார்கள் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் 2025ஆம் ஆண்டு அறிக்கை கணக்கிட்டிருக்கிறது. இன்னொரு ஐ.நா. கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. விளைச்சல் போதவில்லை என்பதைவிட, விளைந்தது வேண்டியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் பெரிய சிக்கல்.

நம் முன்னோருக்கு இது புதிதில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். மழை பொய்த்தது உண்மைதான். ஆனால் அப்போதும் இங்கிருந்து தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. விலை ஏறியது, கூலிக்காரர் கையில் காசில்லை. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க வந்த ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். இன்று அதன் ஓரமாகப் பறக்கும் ரயிலில் போகிற எத்தனை பேருக்கு அது தெரியும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

ஈரோட்டுப் பக்கம் நண்பர்கள் சிலரோடு எட்டு வருஷமாக மீதமாகும் உணவை எடுத்துச் சேர்க்கும் வேலை செய்கிறேன். அதில் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். கல்லூரியில் படிப்பவர்கள், வேலைக்குப் போக ஆரம்பித்தவர்கள், பதினோராம் வகுப்பு மாணவர்கள் என எல்லோருக்கும் இதில் வேலை உண்டு.

முதல் படி: ஒரு வாரம் சும்மா நடந்து பாருங்கள்

பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் ஊரில் யாருக்கு, எந்த வேளையில் சோறு இல்லை என்று தெரிய வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்து நிலையம், ரயில் நிலையம், கோயில் வாசல் எல்லாம் உடனே நினைவுக்கு வரும். அங்கே ஏற்கெனவே நாலு பேர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் தெரியாத இடங்களைத் தேடுங்கள். அரசு மருத்துவமனையில் நோயாளிக்குச் சாப்பாடு வந்துவிடும், அவரோடு வராந்தாவில் படுத்திருக்கும் மனைவிக்கு வராது. கட்டடம் கட்டும் இடத்தில் தகரக் கொட்டகையில் இருக்கும் வெளிமாநிலக் குடும்பங்கள், மஞ்சள் குடோனுக்குப் பின்னால் தனியாக இருக்கும் கிழவிகள், மாதக் கடைசியில் இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கும் விடுதி மாணவர்கள் என்று பட்டியல் நீளும். கடைசியாகச் சொன்னவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம்.

யாரிடமும் “பசிக்குதா?” என்று கேட்காதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். “காலையில என்னங்க சாப்பிட்டீங்க?” என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். உண்மை தானாக வரும்.

நோட்டில் எழுத வேண்டியவை: இடம், எத்தனை பேர், எந்த வேளை இல்லை, குழந்தைகள் உண்டா, சமைக்க அடுப்பு உண்டா, ரேஷன் அட்டை உண்டா. கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: ஐந்து பேர் போதும்

பெரிய அமைப்பு, முத்திரை, டீசர்ட் எதுவும் வேண்டாம். மண்டபங்களோடு பேச ஒருவர், வண்டிக்கு இருவர், கணக்கு எழுத ஒருவர், கொடுக்கும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்க ஒருவர். பதினெட்டு வயது ஆகாதவர்கள் போன் பேசுவதையும் கணக்கு எழுதுவதையும் வைத்துக்கொள்ளட்டும். ராத்திரி வண்டி ஓட்டும் வேலை அவர்களுக்கு வேண்டாம்.

உங்கள் ஊரிலேயே ஒரு குழு இருந்தால் முதல் மூன்று மாதம் அவர்களோடு போய்க் கற்றுக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் 2014இல் இளைஞர்கள் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட், அதே ஆண்டு டெல்லியில் தொடங்கிய ராபின் ஹூட் ஆர்மி இரண்டும் இந்த வேலையில் பழுத்தவை. ராபின் ஹூட் ஆர்மி பணமாக எதையும் வாங்குவதில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன். முதல் ஆறு மாதம் யாரிடமும் காசு வாங்காதீர்கள். பெட்ரோலை ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். காசு வந்த இடத்தில் சண்டையும் வந்து, நல்ல குழுக்கள் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: மாஸ்டரைப் பிடியுங்கள்

மண்டப மேனேஜரிடம் கார்டு கொடுத்துவிட்டு “மீதி இருந்தா கூப்பிடுங்க” என்று சொன்னால் ஒருநாளும் கூப்பிட மாட்டார்கள். கல்யாண ராத்திரியில் யாருக்கும் உங்கள் நினைவு இருக்காது. சமையல் மாஸ்டரைத்தான் பார்க்க வேண்டும். ஊரில் பத்துப் பன்னிரண்டு மாஸ்டர்கள்தான் எல்லா மண்டபத்துக்கும் மாறி மாறிப் போவார்கள். மத்தியானம் மூன்று மணிக்குக் காய் நறுக்கும்போது போய், “அண்ணா, ராத்திரி ஒன்பதுக்கு நானே பாத்திரத்தோட வந்து நிக்கிறேன். இருந்தா குடுங்க, இல்லைன்னா ஒரு டீ குடிச்சிட்டுப் போறேன்” என்று சொல்லுங்கள். வந்தும் நில்லுங்கள். மூன்று முறை வெறுங்கையோடு திரும்பியிருப்பீர்கள், நாலாவது முறை அவரே போன் பண்ணுவார்.

தன் கையால் ஆக்கிய சோறு குழிக்குப் போவதைப் பார்க்க எந்த மாஸ்டருக்கும் மனசு வராது. எங்களுக்கு முதன்முதலில் கொடுத்தவர் அண்டாவின் மூடியைத் திறந்து, அன்னவெட்டியால் சோற்றைப் புரட்டி, அடியிலிருந்து ஆவி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தந்தார். “மேல ஆறிக்கெடக்குறதை எடுக்காதீங்க தம்பி, நடுவுல சூடா இருக்கு, அதை அள்ளிக்கோங்க” என்றார். அந்த அக்கறை உங்களுக்கும் வர வேண்டும்.

விருந்து வைத்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெண்ணுக்கு மாமாவோ சித்தப்பாவோ ஒருவர் கணக்கு முடிக்க அங்கே நிற்பார். அவருடைய சம்மதம் இல்லாமல் அண்டாவைத் தொட வேண்டாம். பந்தியில் பரிமாறப் போய்த் திரும்பி வந்த வாளிகளில் இருப்பதும் வேண்டாம். கரண்டி போகாத அண்டாவில் இருப்பதை மட்டும் எடுங்கள்.

நான்காம் படி: கெட்ட சோற்றைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். நாங்கள் தவறு செய்து கற்றுக்கொண்டது இது.

இரண்டாவது வருஷம், சித்திரை மாத வெக்கை. சாம்பார் சாதத்தை ஒரே பெரிய அண்டாவில் அழுத்தி நிரப்பி, மூடி, ஆட்டோவில் வைத்து நாற்பது நிமிஷம் சுற்றினோம். சமைத்தது எத்தனை மணிக்கு என்று கேட்கவே இல்லை. பன்னிரண்டு பேருக்குக் கொடுத்த பிறகு ஒரு பெரியவர் வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு, “ஊசிப்போச்சு சாமி” என்றார். மறுபடி ஓடி ஓடி எல்லாப் பொட்டலத்தையும் திரும்ப வாங்கினோம். இரண்டு பேர் அதற்குள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். விடிய விடிய அவர்களோடு உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கு ஒருவருக்கு வாந்தி. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ட்ரிப்ஸ் ஏற்றி, காலையில்தான் தெளிந்தார். அவர் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அதன் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள் இவை. அண்டாவைத் தொடும் முன், “எத்தனை மணிக்கு இறக்கினீங்க?” என்பதுதான் முதல் கேள்வி. இறக்கி நான்கு மணி நேரம் வெளியில் கிடந்தது என்றால் அது எவ்வளவு மணந்தாலும் வேண்டாம். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில்தான் கிருமிகள் பெருகும். உணவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐந்து பேரும் காசு போட்டு வாங்கும் முதல் பொருள் அதுவாக இருக்கட்டும்.

சாம்பார், ரசத்தைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்போம். சோற்று விஷயத்தில் அந்த நினைப்பு ஆபத்து. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும்போதுகூடச் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்து நஞ்சை விடும். வாந்தியைக் கிளப்பும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் சோற்றை ஹாட்பாக்ஸில் சூட்டோடு எடுத்துப் போய், ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, அவியல், தயிர்ப் பச்சடி, பால் பாயசம், நறுக்கிய பழம் இவற்றை நாங்கள் எடுப்பதே இல்லை. சப்பாத்தி, இட்லி, ரசம், சூடான சாதம், லட்டு, மைசூர்பாகு இவையெல்லாம் தாங்கும். பிரியாணி என்றால் தெர்மாமீட்டர் சொன்னால் மட்டும். காலையில் மிஞ்சியதையும் இரவில் மிஞ்சியதையும் ஒன்றாகக் கொட்டக் கூடாது. செய்தித்தாளில் மடிக்காதீர்கள், மை சோற்றில் ஒட்டும். வாழை இலை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

மண்டபம், பதார்த்தம், இறக்கிய நேரம், எடுத்த நேரம், கொடுத்த நேரம், கொடுத்த இடம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். உபரி உணவைச் சேகரித்து வழங்குவதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இல் தனி விதிமுறைகளே வெளியிட்டிருக்கிறது. வாரத்தில் மூன்று நாலு நாள் என்று வேலை வளர்ந்துவிட்டால், உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். போகிற இடத்தில் நிறைய சொல்லியும் தருவார்கள்.

ஐந்தாம் படி: கொடுக்கும் விதம்

படம் எடுக்காதீர்கள். அவ்வளவுதான் விதி. “முகம் தெரியாம எடுக்குறோம்” என்பதும் வேண்டாம். தன் தட்டை நோக்கிக் கைபேசி நீளும்போது ஒருவர் எப்படிக் குறுகுகிறார் என்பதை ஒருமுறை பார்த்தால் போதும்.

முடிந்தால் உட்காரவைத்துப் பரிமாறுங்கள். வடலூரில் வள்ளலார் 1867இல் சத்திய தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே யாரும் பொட்டலத்தை நீட்டுவதில்லை. வரிசையாக உட்காரவைத்து, விருந்தாளிக்குப் போடுவதுபோல் போடுகிறார்கள். நாங்களும் மருத்துவமனைக்கு வெளியே ஒரு மரத்தடியில் பாய் விரித்துப் பந்தி போட ஆரம்பித்தோம். பொட்டலமாக வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து போனவர்கள், “இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்க” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆறாம் படி: ரேஷன் அட்டை

மண்டபத்துச் சோறு ஒரு வேளைக்கு. அட்டை மாதம் முழுக்க. இதை எனக்குச் சொல்லித்தந்தது மஞ்சள் குடோன் சந்தில் இருந்த ஒரு பாட்டி. பொட்டலத்தை நீட்டியபோது வாங்கவில்லை. “இத நீங்க தெனமும் கொண்டாருவீங்களா கண்ணு? எங் கார்டுல அரிசி வாங்கிக் குடுங்க. நானே ஆக்கித் தின்னுக்குவேன்” என்றார். மூன்று மாதமாக அவருக்கு அரிசி கிடைக்கவில்லை. காரணம் கைரேகை. நாற்பது வருஷம் மஞ்சள் கொட்டிக் காயவைத்து, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன விரல். மெஷினில் வைத்தால் ஏற்கவில்லை. “அடுத்த வாரம் வாங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவரும் போய்ப் போய்த் திரும்பியிருக்கிறார்.

2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தில் தலைக்கு மாதம் 5 கிலோ, மிக ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டை உள்ள குடும்பத்துக்கு 35 கிலோ தானியத்தை உரிமையாக்கியிருக்கிறது. தமிழ்நாடு அதற்கும் மேலே போய் அரிசி அட்டைதாரர் எல்லோருக்கும் அரிசியை இலவசமாகவே தருகிறது. இவ்வளவு இருந்தும் ஒருவர் பட்டினி கிடக்கிறார் என்றால் நடுவில் ஏதோ ஒரு சின்ன முடிச்சு விழுந்திருக்கிறது. அதை அவிழ்க்கப் படித்த பிள்ளை ஒருவர் கூடப் போனால் போதும்.

கைரேகை ஏற்கவில்லை என்றால் கருவிழிப் பதிவு உண்டா என்று கடையில் கேளுங்கள். ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் ரேகையைப் புதுப்பிக்கலாம். நடக்க முடியாத முதியவர்கள் வேறொருவரை வாங்கிவரச் சொல்லி அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீட்டுக்கே வருகிறது. தொடக்கத்தில் வயது வரம்பு 70. இப்போது என்ன வரம்பு என்பதைக் கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அட்டையே இல்லாதவர்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, எண்ணை உங்கள் நோட்டில் குறித்துக்கொண்டு விடாமல் பின்தொடருங்கள். சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றக் கேட்கலாம். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களிடம் அவர்கள் ஊர் அட்டையும் ஆதாரும் இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் இங்கேயே தானியம் வாங்கலாம். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் இது நடப்பில் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களில் பலருக்கு இது தெரியாது. இந்தி தெரிந்த ஒரு நண்பர் உங்கள் குழுவில் இருந்தால் ஒரே மாலையில் இருபது குடும்பங்களுக்கு வழிகாட்ட முடியும்.

கடையில் முடியாவிட்டால் வட்ட வழங்கல் அலுவலரைப் பாருங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கும். 1967 என்ற எண்ணில் புகாரும் சொல்லலாம். கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவரும் நாளெல்லாம் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர்தான். பாட்டிக்கு ஐந்தாம் வாரம் அரிசி வந்தது. அந்த ஐந்து வாரமும் இரண்டு பேர் மாறி மாறி அவரோடு வரிசையில் நின்றார்கள், அவ்வளவே.

ஏழாம் படி: வயிறு நிறைந்தும் இருக்கும் பசி

2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை. காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று இத்தனை இருந்தும் இந்த நிலை. பள்ளிக்குள் வந்த பிள்ளைக்குச் சோறு கிடைத்துவிடுகிறது. ஆறு வயதுக்கு முந்திய பிள்ளைகளும் பள்ளியை விட்டு வந்த பெண்களும்தான் விடுபடுகிறார்கள்.

பக்கத்து அங்கன்வாடிக்குப் போய் டீச்சரிடம் என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். எடை பார்க்கும் நாளில் வராத குழந்தைகளைத் தேடிக் கூட்டிவருவது, சத்துமாவை மாட்டுக்குப் போடாமல் கஞ்சியாகவும் உருண்டையாகவும் செய்துகாட்டுவது, சுவரோரம் நாலு முருங்கைப் போத்து நட்டுத் தருவது என்று வேலை கிடைக்கும். கிராமத்தில் பதினெட்டு வயது நிறைந்தவர்கள் கிராம சபையில் பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் சபை கூடும். அங்கன்வாடிக்குத் தண்ணீர் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: தூரத்துப் பசி

சூடானில் இடம்பெயர்ந்தோர் தங்கிய ஜம்ஜம் முகாமில் 2024இலும், காசா நகரத்தில் 2025 ஆகஸ்டிலும் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. இரண்டு இடத்திலும் போர்தான் அடுப்பை அணைத்தது. இங்கிருந்து அரிசி மூட்டை அனுப்ப நம்மால் ஆகாது. பணமாகக் கொடுக்கலாம். 2020இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற உலக உணவுத் திட்டத்துக்கு ஷேர் தி மீல் என்ற செயலி இருக்கிறது. சிறு தொகையும் செலுத்தலாம். 2022இல் இலங்கை நெருக்கடியில் தவித்தபோது தமிழ்நாட்டிலிருந்து 40,000 டன் அரிசி அனுப்ப முடிவாகி, மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. தாது வருஷத்தில் நம்மவர்கள் பிழைக்கப் போன அதே இலங்கைக்கு. அப்படி ஒரு வேளை வரும்போது மாநில நிவாரண நிதிக்குக் கல்லூரியில் உண்டியல் வையுங்கள், வசூலான கணக்கை அன்றன்றே கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.

எப்போது தொடங்குவது?

முகூர்த்தம் நிறைந்த தை, வைகாசி, ஆவணி மாதங்களில் உற்சாகமாகத் தொடங்கி, ஆடியிலும் மார்கழியிலும் படுத்துவிடும் குழுக்கள் பல. அந்த மாதங்களில் கல்யாணம் இல்லை, அண்டா காலி. மஞ்சள் குடோன் சந்தில் பசி மட்டும் வழக்கம்போல் இருக்கும். அதனால் ஆடியிலேயே தொடங்குங்கள் என்று சொல்வேன். மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் மாதம் அது. விழாக்குழு அண்ணன்களிடம் சொல்லி, ஒரு தூக்குப் போசி கூழையும் வெங்காயத்தையும் வாங்கிக்கொண்டு உங்கள் நோட்டில் இருக்கும் வீடுகளுக்குப் போங்கள். கூழைக் கொடுத்துவிட்டு அட்டையைக் கேளுங்கள். ஆவணி முகூர்த்தம் வருவதற்குள் பத்துப் பேருக்காவது அரிசி வர ஆரம்பித்திருக்கும். அப்போது அந்தப் பத்து வீடுகளை நோட்டில் அடித்துவிட்டு, மண்டபத்துச் சோற்றை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகலாம்.